கேள்வி பதில்: வைரஸ் மாற்றிய செல்களை எண்ணுவது எப்படி?

பெரம்பூர் மாணவி: ஒரு செல் புற்றுநோய்ச் செல்போல உருமாறிவிட்டதை எதை வைத்து அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி அம்மா. தட்டில் வளரும் நார்த்திசுச் செல்கள், காசிமேட்டுப் படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்பதுபோல, தொட்டதும் நின்றுவிடும், ஒற்றை அடுக்குதான். வைரஸ் மாற்றிய செல் நிற்காது, பக்கத்துச் செல்லின்மேல் ஏறிப் பெருகும். அந்த மேடுதான் ஃபோகஸ். 1958இல் டெமின், ரூபின் என்ற ஆய்வாளர்கள் கோழிக் கருச் செல்களில், கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் ரௌஸ் சார்க்கோமா வைரஸை விட்டு மேடுகளை எண்ணினார்கள். வைரஸைப் பாதியாக்கினால் மேடுகளும் பாதியாயின. அதாவது, ஒரு செல்லை மாற்ற ஒரே துகள் போதும். நுண்ணோக்கியும் பொறுமையும் கொண்டே இதைக் கண்டார்கள் என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

கணக்கு: ஆயிரம் மடங்கு நீர்த்த வைரஸில் 0.2 மில்லி விட்டு 30 மேடுகள் வந்தால், 30 × 1,000 ÷ 0.2. மில்லிக்கு 1,50,000. வைரஸ் விடாத தட்டு ஒன்றையும் கூடவே வையுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: வைரஸ் விடாத தட்டிலும் என் 3டி3 செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் எலிச் செல்கள்) மேடு கட்டுகின்றனவே?

நெருக்கமாக வளரவிட்டிருக்கிறீர்கள். தட்டு நிறையுமுன் பிரித்திருக்க வேண்டும். அவற்றை அழித்துவிட்டு, முன்பு உறையவைத்த பழைய குப்பியிலிருந்து தொடங்குங்கள். வைரஸ் விடாத அந்தத் தட்டு இல்லையென்றால் பொய்க் கணக்கை நம்பியிருப்பீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: அப்படியானால் பிராய்லர் கோழி தின்றால் புற்றுநோயா?

இல்லை. ரௌஸ் வைரஸ் கோழிகளின் நோய்.

மாதவரம் மாணவர்: பிளேக்கும் ஃபோகஸும் ஒன்றா?

இல்லை தம்பி. பிளேக், செல்கள் செத்த ஓட்டை. ஃபோகஸ், செல்கள் பெருகிய மேடு.

கொருக்குப்பேட்டை ஆய்வாளர்: மேடெல்லாம் வெறும் தோற்றம். செல்கள் ஒட்டத் தளமில்லாத மென் அகார்க் கூழில் காலனி, அதாவது செல் கொத்து, வந்தால்தான் உருமாற்றம்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒட்டிக்கொள்ளத் தளமின்றி வளரும் திறன், எலியில் கட்டி உண்டாக்கும் திறனோடு நெருங்கிப்போவது உண்மை. ஆனால் மேடு கட்டுவதும் அகாரில் வளர்வதும் இரண்டு வேறு குணங்கள். ஒன்றைப் பெற்ற செல் மற்றொன்றைப் பெறாமலும் இருக்கும்.

ராயபுரம் வாசகர்: பிராய்லர் கோழி...

வியாசர்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மீண்டும் கொருக்குப்பேட்டை: அகாரில் தவறே வராது.

வரும் ஐயா. கட்டி உண்டாக்கும் இன்னொரு வைரஸான பாலியோமா பட்ட ஹாம்ஸ்டர் செல்கள் சில, அகார் போல ஒட்டத் தளமில்லாத ஊடகத்தில் சிலமுறை பிரிந்துவிட்டு அடங்கிப்போவதை 1968இல் ஸ்டோக்கர் என்ற ஆய்வாளர் காட்டினார். அந்தச் சிறு கொத்துகளையும் எண்ணினால் உங்கள் கணக்கு ஊதிப்போகும். எந்த அளவுக்கு மேல் இருந்தால் காலனி என்பதை வைரஸை விடுமுன்பே நோட்டில் எழுதிவையுங்கள். வைரஸ் விடாத அகார் தட்டையும் மறக்காதீர்கள்.