நாகேஷின் நட்பு வட்டமும் குடும்பமும்

நாகேஷுக்கு நெருக்கமானவர்கள் யார், அவருடைய குடும்ப வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

அவருடைய நட்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தியாகராய நகரின் கிளப் ஹவுஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களில் நடித்துவந்த நாகேஷ், பாட்டெழுத வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்திருந்த வாலியோடு அங்கே தங்கியிருந்தார். கையில் காசில்லாத நாட்களில் ஒருவர் சாப்பாட்டை இருவராகப் பகிர்ந்துகொண்ட அந்தப் பழக்கம், இருவரும் புகழ்பெற்ற பிறகும் கடைசிவரை நீடித்தது. நடிகர் ஸ்ரீகாந்தும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

கே. பாலசந்தரோடு இருந்த உறவு வேறு வகையானது. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தபடி நாடகம் எழுதிய பாலசந்தர், நாகேஷின் முகத்தில் நகைச்சுவைக்கு அப்பால் ஒரு துயரத்தையும் கண்டார். 1964இல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில், கப் சாசர்களைக் கோபுரமாக அடுக்கிக் கையில் ஏந்தி நடந்துவரும் அந்த மெலிந்த உருவத்தைப் பார்க்கும்போது, சிரிப்போடு நெஞ்சும் கனக்கிறது. மறு ஆண்டு, பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யில் நாயகனே நாகேஷ்தான். இந்த நட்பு இல்லாவிட்டால் நமக்குப் பாதி நாகேஷ்தான் கிடைத்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

குடும்பத்தைப் பொறுத்தவரை, தாராபுரத்தில் வளர்ந்த கன்னடப் பிராமணரான அவர், கிறித்தவரான ரெஜினாவை மணந்தார். மூன்று மகன்களில் ஆனந்த் பாபு திரையில் நடனத்தால் பெயர் பெற்றார். நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார்.