நாய்க்குக் கழிச்சல்: எதைச் சேர்ப்பது என்று கேட்கும் முன்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது, எடை 31 கிலோ. இரண்டு மாதமாக மலம் இளகியே போகிறது. ஒரு நாளில் நான்கைந்து முறை போகிறான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். கடைசியில் சளி மாதிரி வருகிறது. பசி நன்றாக இருக்கிறது, எடையும் குறையவில்லை. பாக்கெட் உணவில் சேர்க்கும் கெமிக்கல்தான் காரணம் என்கிறார்கள். அதற்காகத் தினமும் தயிர், மஞ்சள் தூள், வேகவைத்த பரங்கிக்காய், மெடிக்கலில் வாங்கிய ஜீரண சிரப், ஒரு புரோபயாட்டிக் பவுடர் எல்லாம் கலந்து வைக்கிறேன். இரண்டு தடவை மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தேன். கொடுக்கும்போது நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு. அதற்கும் அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகிறது. சிரப்பும் பவுடரும் அதற்கும் கொஞ்சம் கொடுக்கலாமா? — திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அந்தச் சிரப்பைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு சொட்டுகூட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். மனிதர்களுக்கான சிரப்புகள் பலவற்றில் கெடாமல் இருப்பதற்காக சோடியம் பென்சோயேட் சேர்த்திருப்பார்கள். நம் கல்லீரலுக்கு அது பெரிய வேலை இல்லை. பூனையின் உடலிலோ அது மெல்லத்தான் கழியும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் சேர்ந்துகொண்டே போய், தள்ளாட்டம், வலிப்பு வரை கொண்டுபோய் விடலாம்.

நாய்க்கும் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாட்டிலில் ‘சுகர் ஃப்ரீ’ என்று இருந்தால் உள்ளே என்ன இனிப்பு என்று படித்துப் பாருங்கள். சைலிட்டால் என்றால் அது நாய்க்கு விஷம். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே இன்சுலின் தாறுமாறாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். உங்கள் நாய்க்கு 3 கிராம் சொச்சம் போதும். சார்பிடால் என்றால் விஷம் இல்லை, ஆனால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். கழிச்சலுக்கு மருந்து என்று ஊற்றுவதே கழிச்சலைக் கூட்டிக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சிரப்பில் பெரும்பாலும் டயஸ்டேஸும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் இருக்கும். டயஸ்டேஸ் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி. உங்கள் நாயிடம் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. 2013இல் சுவீடன் ஆய்வாளர் எரிக் ஆக்செல்சன் குழுவினர் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணையத்தில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. நம் வீட்டுச் சோற்றை ஆயிரக்கணக்கான வருடம் பங்கு போட்டுத் தின்றதின் அடையாளம் அது. ஆரோக்கியமான கணையம் உள்ள நாய்க்கு வெளியிலிருந்து நொதி தர அவசியமே இல்லை. கணையம் சுரக்காமல் போகும் ஒரு நோய் உண்டு, ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் அதிகம் பார்ப்போம். அந்த நாய் அகோரப் பசியோடு தின்னும், ஆனால் எலும்பும் தோலுமாக இளைக்கும், குவியல் குவியலாக எண்ணெய்ப் பசையோடு போகும். அதற்குக் கணைய நொதிப் பொடிதான் உயிர் காக்கும் மருந்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் நாய் இளைக்கவில்லை. அது இந்த நோய் இல்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே இடத்தைக் காட்டுகின்றன. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு, எடை குறையாமல்: இது பெருங்குடல் கழிச்சல். சிறுகுடல் கெட்டால் எண்ணிக்கை குறைவாகவும் அளவு அதிகமாகவும் போகும், நாய் மெலியும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் நாம் சேர்க்கும் பொருள்களில் பெருங்குடலில் வேலை செய்வது ஒன்றிரண்டுதான்.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். ‘கெமிக்கல்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை. உலர் உணவில் கொழுப்பு சிக்குப் பிடிக்காமல் இருக்க பிஎச்ஏ, பிஎச்டி, அல்லது வைட்டமின் ஈ வகை டோகோஃபெரால் சேர்க்கிறார்கள். எத்தாக்சிகுவின் என்று ஒன்று இருந்தது. அதன் பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குப் போதிய தரவு இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் அது கழிச்சலைப் பற்றிய கவலை அல்ல. அனுமதித்த அளவில் இருக்கும் இந்தப் பாதுகாப்பான்கள் மலத்தை இளக்கி நான் பார்த்ததில்லை. அவை வேலை செய்யாமல் போன உணவு இளக்கிப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் 20 கிலோ மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோ கணக்கில் உதிரியாக விற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். மே மாத வெயிலில் திறந்து கிடக்கும் உணவில் கொழுப்பு கெட்டு, பழைய எண்ணெய் வாடை வரும். உங்கள் உணவு உதிரியாக வாங்கியதா? அப்படியென்றால் சீல் பிரிக்காத சிறிய பையாக வாங்குங்கள். பையோடு டப்பாவில் வைத்து மூடி, ஒரு மாதத்துக்குள் தீருங்கள். நிறமூட்டி முழுக்க முழுக்க வாங்குகிறவர் கண்ணுக்காகப் போடுவது; நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குடலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சேர்மானங்கள் வேறு. பவுச்சில் வரும் ஈர உணவின் குழம்பு கெட்டியாக இருக்க குவார் கம், காரஜீனன் போன்றவை சேர்ப்பார்கள். குவார் கம் என்பது வேறொன்றும் இல்லை, நம் கொத்தவரங்காய் விதையிலிருந்து எடுக்கும் பிசின். அளவு கூடினால் புரதம் செரிப்பது சற்றுக் குறையும், மலத்தில் நீர் கூடும். எல்லாப் பிராணிக்கும் அப்படி ஆகாது, சிலவற்றுக்கு ஆகும். உங்கள் பூனைக்குக் கிரேவி பவுச் கொடுத்த மறுநாள் மட்டும் இளகிப் போகிறதா என்று கவனியுங்கள். ஆமாம் என்றால் கெட்டியான பேஸ்ட் வகைக்கோ வேறு பிசின் சேர்த்த வகைக்கோ மாற்றிப் பாருங்கள்.

லேபிளில் சிக்கரி வேர், இனுலின், எஃப்ஓஎஸ் என்று இருந்தால் அவை குடல் பாக்டீரியாவுக்கான தீனி. பாக்டீரியா அவற்றை நொதிக்க வைத்துப் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். பெருங்குடல் சுவர் அதைத்தான் முக்கிய எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ‘பீட் பல்ப்’பும் இதே வேலைக்குத்தான், சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. கொஞ்சமாக இருந்தால் நல்லது. ஆனால் உணவில் ஏற்கெனவே இனுலின், நீங்கள் கலக்கும் புரோபயாட்டிக் பவுடரிலும் பெரும்பாலும் இனுலினோ எஃப்ஓஎஸ்ஸோ இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வாயு, குடல் இரைச்சல், இளகிய மலம். நல்லது என்று நினைத்து இருமடங்கு போட்டுவிடுகிறோம்.

பரங்கிக்காயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதில் நார்ச்சத்து மிகக் குறைவு. வேகவைத்த 100 கிராம் பரங்கியில் ஏறக்குறைய 1 கிராம் நார்தான். நீங்கள் இரண்டு மேசைக்கரண்டி வைத்தால் கிடைப்பது அரை கிராம்கூட இல்லை. இசப்கோல் உமி 5 கிராமில் சுமார் 4 கிராம் நார் இருக்கிறது. அந்த நார் தண்ணீரைப் பிடித்து வழவழப்பான கூழாகும், பாக்டீரியாவால் அவ்வளவாக நொதிக்காது, அதனால் வாயுவும் அதிகம் வராது. பெருங்குடல் கழிச்சலுக்கு நான் நம்பிக் கொடுக்கும் சேர்மானம் இதுதான். எளிதில் செரிக்கும் உணவோடு இசப்கோலும் கொடுத்து 37 நாய்களுக்குக் கிடைத்த பலனை 2000இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். பெரும்பாலானவை நன்றாகத் தேறின. இரண்டு மாதமாக உங்கள் கிண்ணத்தில் ஐந்து பொருள்கள் இருந்தும் இது ஒன்று இல்லை.

தயிர் உணவு, மருந்து இல்லை. பாலை விட லாக்டோஸ் குறைவு என்பதால் பல நாய்கள் தாங்கும்; ஒரு கிண்ணம் நிறைய வைத்தால் சிலவற்றுக்கு இளகும். அதில் உள்ள பாக்டீரியா நாயின் குடலில் குடியேறுவது இல்லை. தாளித்த தயிர்ச்சாதம் மட்டும் வேண்டாம், அதில் வெங்காயம் வந்துவிடும். பூண்டு போட்டால் புழு சாகும் என்று சொல்லி ஒரு பொமரேனியனுக்கு வாரக்கணக்கில் நசுக்கிக் கொடுத்து, ஈறு வெள்ளைத்தாளாக வெளுத்த நிலையில் தூக்கி வந்தார்கள். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவை உடைக்கும். அந்தக் குட்டி பிழைத்தது, பிழைக்காமலும் போயிருக்கலாம். மஞ்சள் ஒரு சிட்டிகை கெடுதி செய்யாது. மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் ஏறுவதே சொற்பம், கரண்டிக் கணக்கில் போட்டால் வயிற்றைத்தான் கிளறும்.

புரோபயாட்டிக்கில் எது வேலை செய்யும் என்பது திரிபை, அதாவது பாக்டீரியாவின் குறிப்பிட்ட உள்வகையைப் பொறுத்தது. என்டரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 என்ற திரிபை ஒரு காப்பகத்தில் இருந்த பூனைகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. இரண்டு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் கழிச்சல் பூனைகளிடம் குறைந்தது. நாய்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு கனடாவில் 25 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளும் ஒழுங்காக இருந்து, சொன்ன அளவும் உள்ளே இருந்தவை இரண்டே இரண்டு. ஆகவே பாக்கெட்டில் திரிபின் முழுப் பெயர், காலாவதி நாள் வரை எத்தனை உயிரணு இருக்கும் என்ற எண்ணிக்கை இரண்டும் இல்லாத பவுடருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வெயில் படும் கடை அலமாரியில் கிடந்ததையும் வாங்காதீர்கள். பூனைக்கு என்றால் சரியான திரிபு உள்ளதைத் தரலாம்.

மெட்ரோனிடசோலை நீங்களாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். அது கழிச்சலை நிறுத்துகிற மாதிரித் தோன்றுவது உண்மை. ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில், மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் சில நாய்களின் குடல் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நிறுத்தினால் திரும்ப வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது இதுதான்.

செய்ய வேண்டியது இது. முதலில் மலப் பரிசோதனை, மூன்று நாள் எடுத்த மாதிரியோடு. பெருங்குடல் கழிச்சலுக்குச் சாட்டைப்புழு ஒரு முக்கியக் காரணம். அதன் முட்டை எல்லா நாளும் மலத்தில் வராது, ஒரு தடவை பார்த்து இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் அப்படியே. மருத்துவர் தேவைப்பட்டால் புழு மருந்தை மூன்று நாள் சேர்த்துக் கொடுப்பார். அதே நேரம் கிண்ணத்திலிருந்து ஐந்தையும் எடுத்துவிடுங்கள். ஒரே உணவு, அளந்து, இரண்டு வேளை. பிஸ்கட், சாப்பாட்டு மேஜைத் துண்டு எதுவும் ஒரு வாரம் வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும், தாத்தா உட்பட.

ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் இசப்கோல் மட்டும் சேருங்கள். வாசனையும் சர்க்கரையும் சேர்க்காத வெறும் உமி. வேளைக்கு ஒரு தேக்கரண்டி, கால் தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து உணவில் கலந்து. நான்கு நாள் கழித்து வேளைக்கு இரண்டு தேக்கரண்டி வரை போகலாம். உலர்ந்த உமியை அப்படியே தூவக்கூடாது, தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை ஏதும் இருந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலண்டரில் தினமும் எத்தனை முறை, எப்படி என்று குறித்து வாருங்கள். உருளையாக, கையில் எடுத்தால் தரையில் ஒட்டாமல் வருவதுதான் இலக்கு.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் மாற்றம் இல்லை என்றால், புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் மருத்துவ உணவையோ அவன் இதுவரை தின்னாத இறைச்சியில் செய்த உணவையோ மருத்துவர் சொல்வார். நாள்பட்ட கழிச்சல் உள்ள நாய்களில் பெரும்பங்கு உணவை மாற்றியதிலேயே தேறுகின்றன, அதுவும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். புது உணவுக்கு ஏழு நாள் எடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

பூனை நாயின் கிண்ணத்தில் வாய் வைக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் வைக்கும். நாய் உணவில் டாரின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பூனைக்கு அது இல்லாமல் முடியாது; பித்த அமிலத்தை இணைக்கவும் அதற்கு டாரின் மட்டும்தான். குறைந்தால் இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் என்பது 1987லேயே தெரிந்துவிட்டது. மென்மையாக, ஈரப்பதமாக இருக்கும் சில நாய்த் தின்பண்டங்களில் புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கும். பூனையின் சிவப்பணுவை அது பாதிப்பதால் அமெரிக்காவில் 1996இல் பூனை உணவில் அதைத் தடை செய்தார்கள். கிண்ணங்களைப் பிரித்து வையுங்கள், பூனைக்கு உயரமான இடத்தில். அதன் மலத்தையும் தனியாகச் சோதிக்கக் கொடுங்கள். கழிச்சலுக்காகப் பட்டினி போடும் பழக்கம் பூனையிடம் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும்.

தார் மாதிரிக் கருத்த மலம், தொடர்ந்த வாந்தி, சோர்ந்து படுத்துவிடுவது, பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்று பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது உணவுப் பையின் லேபிள், பவுடர் டப்பா, சிரப் பாட்டில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.