கணக்கு நோட்டில் மான் வரையும் மகளுக்கு என்ன படிப்பு?

வணக்கம் அம்மா,

உங்கள் மகளின் நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க மான்கள். கொம்பே கிளையாக வளர்ந்து, அதில் குருவி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்குள் மீன் செதில் போலச் சின்னச் சின்ன வளைவுகள்; எண்ண ஆரம்பித்து இருநூறில் விட்டுவிட்டேன். "இதை வைத்துச் சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். கிடைக்கும், ஆனால் அவள் நினைத்திருக்கும் வழியில் இல்லை.

இந்தப் படங்களை இன்ஸ்டாகிராமில் 'கோண்ட் பெயிண்டிங்' என்று போட்டு விற்கலாம் என்கிறாள். அது வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி மக்களுடைய கலை அது. பாணா என்ற வாத்தியத்தை வாசித்துக் குலக்கதை பாடி வந்தவர்கள் அவர்கள். 1980களின் தொடக்கத்தில், பட்டன்கர் கிராமத்து இளைஞர் ஜங்கர் சிங் ஷ்யாமை ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு வரவழைத்தார். மண்சுவரில் இருந்த படம் அப்படித்தான் காகிதத்துக்கு வந்தது. ஜங்கர் வழி வந்தவர்கள் உருவத்தின் உள்ளே நிறைக்க ஆளுக்கொரு நிரப்பு வைத்திருக்கிறார்கள்: ஒருவருக்குப் புள்ளி, இன்னொருவருக்குப் பிறை. அதைப் பார்த்தே யார் படம் என்று சொல்லிவிடலாம், கையெழுத்து மாதிரி. உங்கள் மகள் யூடியூப் பார்த்துப் போட்ட செதிலும் யாரோ ஒருவருடைய கையெழுத்தாக இருக்கலாம். 2023இல் இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும், அதாவது இன்ன ஊர்க் கலை என்ற சட்ட அடையாளமும், கிடைத்துவிட்டது. கை பழக எவ்வளவு வேண்டுமானாலும் வரையட்டும், அந்தப் பெயரில் விற்க மட்டும் வேண்டாம்.

ஜங்கரிடம் பழகிய பஜ்ஜு ஷ்யாமைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். அதற்கு முன் போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தவர். ஓர் உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போனார். அங்கே பிக் பென் கடிகாரக் கோபுரம் அவர் கண்ணுக்குச் சேவலாகத் தெரிந்தது. இரண்டும் நேரம் சொல்பவைதானே! அந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டது நம் சென்னையின் தாரா புக்ஸ். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஊர் மாறினாலும் பார்வை அவருடையதாகவே இருந்தது. உங்கள் மகளுக்கும் நொய்யல் கரைக் கொக்கு இருக்கிறது, வாசலில் போடும் கோலம் இருக்கிறது. அவற்றிலிருந்து அவளுக்கென்று ஒரு நிரப்பு வரட்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பொறுமையும் நுணுக்கமும் உள்ள இந்தக் கைக்கு டெக்ஸ்டைல் டிசைன், அதாவது துணி வடிவமைப்பு, நன்றாகப் பொருந்தும்; சென்னை தரமணியில் நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) ப்ளஸ் டூவில் எந்தக் குரூப்பானாலும் நுழைவுத்தேர்வு எழுதலாம். ஓர் என்ஐடி போபாலிலேயே இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். கட்டணம் அதிகமாகத் தோன்றினால், எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உண்டு, செலவு குறைவு. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரையும் வேலையும் இருக்கிறது. ஆனால் முதல் சில வருடம் வருமானம் ஒழுங்காக வராது, அதை மறைக்க மாட்டேன்.

அவள் அப்பா திருப்பூரில் துணி பிரிண்டிங் யூனிட்டில்தானே இருக்கிறார்? ஒரு சனிக்கிழமை கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஒரு டிசைனைத் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்படி எப்படி ரிப்பீட்டாக மாற்றுகிறார்கள், எத்தனை கலருக்கு எத்தனை ஸ்கிரீன் என்று பார்க்கட்டும். அப்புறம் எதையும் பார்த்துப் போடாமல், சொந்தமாக இருபது படம் வரைந்து எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும். கணக்கு நோட்டில் வேண்டாம், தனியாக ஒரு டிராயிங் நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.