ஈஸ்டாட் போக இன்னொரு விசாவா?

கோபன்ஹேகனில் இருக்கும் மகளைப் பார்க்க, டென்மார்க் வழங்கிய ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாவில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்புதான் ஷெங்கன்) கிளம்புகிறார் ஒரு வாசகி. ஸ்வீடனின் தென்கரையிலுள்ள ஈஸ்டாட் நகரையும், அங்கிருந்து கப்பலில் டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவையும் பார்க்க ஆசை. ‘ஸ்வீடனுக்குத் தனி விசா, தீவுக்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும்’ என்று ஏஜென்ட் பணம் கேட்கிறாராம்.

ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அம்மா. விசா ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் இடமாக ஷெங்கன் நாடுகள் என்றிருந்தால் அதுவே ஸ்வீடனுக்கும் போதும். இதை, விசா வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் ஒரு வரி அச்சிட்டுத் தர அரசுகளுக்கு மனமில்லை. அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

தீவு விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஈஸ்டாட் 1658 வரை டேனிஷ் நகரம். அவ்வாண்டு ரோஸ்கில்ட் உடன்படிக்கையில் அதுவும் போர்ன்ஹோமும் சேர்ந்தே ஸ்வீடனுக்குப் போயின. தீவுக்காரர்கள் அதே ஆண்டு கிளர்ந்தெழுந்து டென்மார்க்குக்கே திரும்பிவிட்டார்கள். ஈஸ்டாட் ஸ்வீடனிலேயே தங்கிவிட்டது. அதனால் சுமார் 80 நிமிடக் கப்பல் பயணத்தில் நாடு மாறுகிறது. ஷெங்கன் எல்லை மாறவில்லை. டென்மார்க், ஸ்வீடன், மறுபடி டென்மார்க் என்று எத்தனை முறை கடந்தாலும் உங்கள் ஒற்றை நுழைவு தீராது. தங்கும் நாட்கள் மட்டும் மொத்தமாகக் கணக்காகும். ஆனால் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். கோபன்ஹேகனிலிருந்து பாலம் கடந்து வரும் ரயிலில் ஸ்வீடன் போலீஸ் கேட்கலாம்.

ஒருநாள் சுற்றுலாப் பேக்கேஜும் வேண்டாம். பாலத்தைக் கடந்ததும் வரும் ஸ்வீடன் நகரமான மால்மோவிலிருந்து ஈஸ்டாடுக்கு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம். நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் நிரப்பிய பழைய வீடுகள், 1267இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் மடம், எல்லாமே நடக்கும் தூரம்தான். ஈஸ்டாடுக்கு அருகிலுள்ள கோசெபெரியா கிராமத்தில் கடலோர மேட்டில் 59 கற்கள் கப்பல் வடிவில் நிற்கின்றன, 67 மீட்டர் நீளம். அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ‘டிக்கெட் உட்பட’ என்று யாராவது விற்றால் அது ஏமாற்று வேலை. கோடை தவிர்த்த மாதங்களில் அங்கே போக பஸ் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். புனித மரியா தேவாலயக் கோபுரத்தில் காவலர் இரவு 9.15 முதல் 1 மணி வரை கால் மணிக்கொரு முறை கொம்பு ஊதுகிறார். தீ விபத்து எதுவும் இல்லை என்று ஊருக்குச் சொல்லும் பழைய வழக்கம் இது. மாலையிலேயே பஸ்ஸில் ஏற்றிவிடும் பேக்கேஜில் இது கிடைக்காது. அறையை மகளே இணையத்தில் பதிவு செய்யட்டும். வங்கி அட்டையை மறக்காதீர்கள், அங்கே பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை.