ஊருக்குள் இருக்கும் பேரைப் பாலம் தாண்டிக் கொண்டுபோக: கேள்வி பதில்

சென்னையிலும் துபாயிலும் 16 வருஷம் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலை பார்த்துவிட்டுத் தங்கச்சிமடத்துக்குத் திரும்பியிருக்கிறேன். வேலை தேடுகிறவர் தனக்கென்று ஒரு பேரை, இப்போது ‘பெர்சனல் பிராண்ட்’ என்கிறார்களே அதை, எப்படி உண்டாக்கிக்கொள்வது என்று நம் கடற்கரைப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மண்டபம், கடல் உயிரியல் பட்டதாரி: அக்கா, எம்.எஸ்சி. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ரெஸ்யூம்ல போட அனுபவம்னு ஒண்ணும் இல்ல. லீவு நாள்ல அம்மாகூடச் சேர்ந்து கடல்பாசி வளர்க்கிற மிதவை கட்டுவேன். அதைப் போட்டா கேவலமா நினைப்பாங்களா?

அதைத்தான் முதலில் போடணும் தங்கச்சி. ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்’ என்கிற வரியை ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். ஒருவர் முகமும் நினைவில் இல்லை. உன் ரெஸ்யூமில் இப்படி இருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்: கப்பாஃபைகஸ் பாசி, மூங்கில் மிதவை, இத்தனை கிலோ விதைப்பாசி கட்டினோம், 45 நாளில் இத்தனை கிலோ அறுத்தோம், இந்த மாதத்தில் ஓரா மீன் கடித்து இவ்வளவு போனது, கிளை வெளுத்து நைந்துபோகும் ஐஸ்-ஐஸ் நோய் எப்போது வந்தது, அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது.

ஒரு நோட்டு போடு. மூன்று சுற்று, அதாவது 135 நாள். ஒரே மிதவையை ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு போட்டோ எடு, தேதியோடு. எடையைத் தராசில் பார்த்து எழுது. கண் மதிப்பு வேண்டாம். முடிவில் இரண்டு பக்கம் எழுதி, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில் போடு. அந்தப் பாசியிலிருந்து கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுத்து ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் விற்கிற தொழில் இருக்கிறது. அவர்களுக்குப் புத்தகமும் தெரிந்து, இடுப்பளவு தண்ணீரிலும் நின்ற ஆள் லேசில் கிடைப்பதில்லை.

உன் வாசலிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே மண்டபம்தான். அங்கே இருக்கிற விஞ்ஞானிகளுக்கு ‘சார், வேலை இருக்கா’ என்று எழுதாதே. நோட்டில் கண்ட ஒரு விஷயத்தையும் அதில் உனக்குப் புரியாத ஒரு கேள்வியையும் நாலு வரியில் எழுது. அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

ஒன்று முக்கியம். ‘என் அம்மாவின் மிதவை’ என்றே எழுது. அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போட்டோ போடு. அடுத்தவர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ராமேஸ்வரம், பள்ளி ஆசிரியர்: தன்னைப் பற்றித் தானே பேசுவது நம் வழக்கமா? கலாம் ஐயா அப்படியா வளர்ந்தார்?

சார், கலாம் ஐயா கதையையே சொல்கிறேன். இஸ்ரோவுக்கு முன்னால் பெங்களூரில் ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்று மெத்தைமேல் மிதந்து ஓடும் வண்டி, செய்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஒருநாள் இயற்பியலாளர் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் வந்து பார்த்தார். அந்த வண்டியில் ஏறிப் போய்ப் பார்க்கவும் செய்தார். அதற்குப் பிறகுதான் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கலாம் ஐயா தன்னைப் புகழ்ந்துகொள்ளவில்லை. செய்த பொருளை, கேட்டவர் ஏறிப் பார்க்கும்படி ஓடும் நிலையில் வைத்திருந்தார். நான் பிள்ளைகளிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

பாம்பன், படகு இன்ஜின் மெக்கானிக்: 11 வருஷமா விசைப்படகு டீசல் இன்ஜின் பாக்குறேன். இங்க எந்தச் சம்மாட்டிய, படகு முதலாளிய கேட்டாலும் என் பேரைச் சொல்லுவாங்க. கொச்சியில ஒரு படகுத்தளத்துல கேட்டா சர்ட்டிபிகேட் எங்கேன்னாங்க. நான் பத்தாவதுதாங்க்கா.

தம்பி, உங்களுக்குப் பேர் இல்லாமல் இல்லை. அது வாய்வழியாக இருக்கிறது. வாய்ப்பேச்சு பாம்பன் பாலத்தைத் தாண்டாது.

முதலில் சான்றிதழ். படிக்காமல் தொழிலில் கற்றவரைச் சோதித்துச் சான்று தருகிற ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள், முன்கற்றலுக்கான அங்கீகாரம். உங்கள் தொழிலுக்கு எங்கே சோதனை நடக்கிறது என்று மாவட்டத் திறன் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது உங்கள் போன். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று சிறு வீடியோ போதும். வந்தபோது இன்ஜின் எப்படிச் சத்தம் போட்டது, எந்தப் பாகம் போயிருந்தது, முடித்தபின் காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி எடுத்தது. ‘கரும்புகை வந்தது, இன்ஜெக்டர் பிரச்சினை, இத்தனை மணி நேரம்’ என்று நீங்கள் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். படகின் பதிவு எண் தெரிய வேண்டாம், உரிமையாளர் சம்மதம் வேண்டும். சரியாக வராத ஒரு வேலையையும் சேருங்கள். ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கை நான் இரண்டு மடங்கு நம்புவேன். இருபது வீடியோ சேர்ந்ததும் அந்தத் தளத்துக்கு ஒரே லிங்க்காக அனுப்புங்கள். கூடவே உங்களுக்காகப் பேசத் தயாராக இருக்கும் இரண்டு சம்மாட்டிகளின் எண்ணையும், அவர்களிடம் சொல்லிவிட்டு.

கீழக்கரை, பி.காம்.: கல்யாணத்துக்கு முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு வருஷம் இருந்தேன். 2018-ல விட்டது. இப்ப வீட்டிலிருந்தே வேலை தேடுறேன். போட்டோ போட எனக்கு விருப்பமில்ல. சிபாரிசுக்கும் ஆளில்ல அக்கா.

போட்டோ கட்டாயமே இல்லை. லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் 220 எழுத்துக்குள் ‘வேலை தேடுகிறேன்’ என்று மட்டும் எழுதி வீணாக்காதீர்கள். ஆள் எடுப்பவர் டேலி, ஜிஎஸ்டி, கணக்காளர் என்றுதான் தட்டித் தேடுவார். அந்தச் சொற்கள் அங்கே இருக்கணும். இடைவெளியைப் போடவே லிங்க்ட்இனில் 2022 முதல் தனிப் பகுதி இருக்கிறது. ‘குழந்தை வளர்ப்பு’ என்று ஒரு வரி. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

நீங்கள் விட்டபிறகு வந்தது மின்-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்யும் முறை. 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கே அது கட்டாயமாகிவிட்டது. அதைக் கற்று, தெரிந்த கடை ஒன்றின் கணக்கை மூன்று மாதம் பார்த்து, கடைக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

சிபாரிசுக்கு ஆளில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆபீஸில் கூட இருந்தவர்கள் எங்கே? மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்து 1973-ல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய சொந்தத்தைவிட எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர் வழியே வேலை வந்தது அதிகம் என்று கண்டார். 2022-ல் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்வும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. நம் வீட்டாருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு வேறு வாசல்கள் தெரியும். இத்தனை வருஷம் பேசவில்லையே என்று கூச்சப்படாமல் நலம் விசாரித்து எழுதுங்கள்.

தொண்டி, ஐடிஐ வெல்டர்: நெட்டுல ரெஸ்யூம் பார்த்தேன்னு ஒருத்தர் கூப்பிட்டு சவுதி வேலைன்னார். 80,000 ரூபாயும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கேக்குறார்.

கொடுக்காதே தம்பி. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அத்தோடு போனை வை. ரெஸ்யூமில் பாஸ்போர்ட் எண், ஆதார் எண், வீட்டு விலாசம் இருந்தால் இன்றே எடு. ஊர்ப் பேரும் ஒரு எண்ணும் போதும்.

ராமநாதபுரம், இறுதியாண்டு மாணவர்: இங்கிலீஷ் வராது. ஏஐ-ல எழுதி வாங்கிப் போடலாமா?

பிழை திருத்த வைத்துக்கொள். எழுதவே விடாதே. அது தருகிற அதே வாக்கியம் உன் வகுப்பில் முப்பது பேர் ரெஸ்யூமிலும் இருக்கும். தமிழில் எழுதி, நீயே மொழிபெயர்த்து, அதைத் திருத்தச் சொல். நேர்காணலில் உன் வாயால் சொல்ல முடியாத சொல் தாளில் இருக்கக் கூடாது.

மண்டபம், மீண்டும்: அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். ‘என் பேரா? போடு’ன்னு சிரிச்சாங்க. நோட்டை எப்பத் தொடங்க?

அடுத்த விதைப்பாசி கட்டுகிற அன்றே. கட்டுவதற்கு முன் எடை போட மறந்துடாதே. முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.