பாட்டு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்து மென்பொருளை வாங்குங்கள்

கேள்வி: நான் பாடுவேன், கீபோர்ட்டில் மெட்டும் போடுவேன். தம்பி பீட் செய்வான். எங்களிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லப்டொப். சொந்தப் பாடல்களை யூடியூபில் போட ஆசை. பாட்டைப் பதிந்து தொகுக்கும் மென்பொருள் எது நல்லது என்று கேட்டால் எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன், கியூபேஸ், ரீப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நான்கிலும் ஒரு பாட்டை முழுதாகச் செய்து முடிக்கலாம். ஒலித்தரத்தில் ஒன்றுக்கொன்று குறைந்ததும் இல்லை. மனதில் வந்த மெட்டு திரைக்குப் போய்ச் சேரும் வழிதான் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் உங்கள் பாட்டு எதிலிருந்து பிறக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தம்பிக்குப் பாட்டு பீட்டில் பிறக்கிறது. அவருக்கு எஃப்எல் ஸ்டூடியோ நன்றாகப் பொருந்தும். ஸ்டெப் சீக்வென்சரில் கட்டம் கட்டமாகத் தட்டி பேட்டர்ன் (திரும்ப வரும் தாளத்துண்டு) செய்து, பிளேலிஸ்ட் என்ற திரையில் பாட்டின் வரிசைப்படி அடுக்கிக்கொண்டு போகலாம். பேட்டர்ன் நீளத்தை விரும்பியபடி வைக்கலாம் என்பதால் மிஸ்ர சாபுவின் ஏழும் கண்ட சாபுவின் ஐந்தும் இடறாமல் வரும். ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகளும் இலவசம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிவுசெய்து பிளேலிஸ்ட்டில் வைக்க முடியாது. பாடுகிறவர் இருக்கும் வீட்டுக்கு ப்ரொடியூசர் பதிப்புத்தான் சரி. சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் வாங்கும்வரை திரும்பத் திறக்க முடியாது. அதில் செய்வதை அதே இருப்பில் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

உங்களுக்குப் பாட்டு குரலில் பிறக்கிறது. ஒரே சரணத்தை ஐந்தாறு தடவை பாடி, ஒவ்வொரு வரிக்கும் நல்ல டேக்கை, அதாவது ஒரு தடவை பாடிய பதிவை, தெரிந்தெடுத்து ஒட்டுவதுதான் பெரிய வேலை. அதற்கு ரீப்பர் பிரமாதம். 2023இல் வந்த 7ஆம் பதிப்பில் டேக்குகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். வேண்டிய துண்டின்மேல் மௌஸை இழுத்தாலே போதும். பழைய லப்டொப்பையும் திணறடிக்காது. 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், தனிப்பட்டவருக்கான உரிமம் 60 டொலர். குறை என்னவென்றால், சொல்லிக்கொள்ளும்படியான வாத்தியங்கள் அதனுடன் வருவதில்லை. வைட்டல், சேர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச சிந்தசைசர்களை இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லூப்களை (சுழன்று வரும் ஒலித்துண்டுகளை) மேடையில் நேரடியாக வாசிப்பவருக்கு ஏபிள்டன் லைவ். ஸ்வரக்குறிப்பை மேலைத்தேய முறையில் எழுதி வயலின் கூட்டத்துக்குக் கொடுப்பவருக்கு கியூபேஸ் ப்ரோ. உங்கள் இருவருக்கும் இப்போதைக்கு இவை தேவையில்லை. மேக் வைத்திருப்பவர்கள் இலவச கராஜ்பேண்டில் தொடங்கட்டும். அதில் செய்ததை லொஜிக் ப்ரோ அப்படியே திறக்கும்.

என் தீர்ப்பு: நீங்கள் ரீப்பர், தம்பி எஃப்எல். ஒரே வீட்டில் இரண்டு இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவர் பீட்டை வேவ் கோப்பாகத் தரட்டும், அதே பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகத்தை) ரீப்பரில் போட்டு அதன்மேல் பாடுங்கள்.

பணம் கட்டுமுன் உங்களுடைய ஒரே பாட்டை இரண்டிலும் செய்து பாருங்கள். பல்லவியை மூன்று டேக் பாடி ஒட்டுங்கள், தாளத்தை 7/8 ஆக மாற்றிக் கிளிக்கை (தாளம் காட்டும் தட்டொலியை) கேளுங்கள், கீபோர்ட்டில் ஒரு கமகம் வாசியுங்கள். கடைசியானதில் பலரும் ஏமாந்து, மென்பொருளையே குறை சொல்வார்கள். பெரும்பாலான வாத்தியங்களில் பிட்ச் பெண்ட் (கீபோர்ட்டில் ஸ்வரத்தை வளைக்கும் வசதி) வீச்சு 2 செமிடோனில், அதாவது இரண்டு அரைச்சுர இடைவெளியில்தான் நிற்கும். ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம்வரை இழுக்கலாம், பஞ்சமத்துக்கு எட்டாது. வாத்தியத்தின் அமைப்புக்குள் போய் அதை 12 ஆக்குங்கள். பிறகு மிடி எடிட்டரில் (வாசித்த ஸ்வரங்களைத் திருத்தும் திரையில்) பெண்ட் வளைவைக் கையால் திருத்திப் பார்த்தால், எந்த மென்பொருளில் உங்கள் கை தயங்காமல் போகிறது என்று தெரிந்துவிடும்.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் பிந்தி வந்தால் அதுவும் மென்பொருளின் பிழையல்ல. பஃபர் என்பது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவு. சாம்பிள் ரேட் (செக்கனுக்கு ஒலியை அளக்கும் தடவைகள்) 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் 512 என்றால் உள்ளே போக 10.7 மில்லிசெக்கன், வெளியே வர இன்னொரு 10.7. பாடுபவருக்கு அது உறுத்தும். பதிவின்போது 128க்குக் குறையுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றுங்கள். 128இல் சத்தம் வெடித்தால், அந்த நேரத்துக்குத் தேவையில்லாத எஃபெக்ட்களை அணைத்துவிடுங்கள். புளூடூத் ஹெட்போன் இதற்கு உதவவே உதவாது.

ஆகவே கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி, சொந்த ஏசியோ டிரைவர் (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இயக்கி) உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸுக்கும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வயர் ஹெட்போனுக்கும் போகட்டும். மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். காலி வீதி பஸ்ஸையும் கடற்கரை ரயிலையும் கண்டென்சர் மைக் அப்படியே பிடித்துவிடும். பல புதிய இன்டர்ஃபேஸ்களுடன் எட்டு டிராக் உள்ள ஏபிள்டன் லைவ் லைட் இலவசமாக வரும். பாவித்த இன்டர்ஃபேஸ் வாங்கினால் அந்த உரிமத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே பதிந்திருக்கக்கூடும். அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கடையில் எல்லா மென்பொருளும் ‘ஃபுல் வேர்ஷன்’ என்று சில ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். போடலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: வேண்டாம். அது கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. அதைப் போடும்போது அன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அந்தக் கதவால் வேறு எதுவும் உள்ளே வரலாம். விண்டோஸ் அப்டேட் ஆனதும் பிளக்இன் (சேர்த்துப் போடும் வாத்தியம் அல்லது எஃபெக்ட்) ஒன்று திறக்காமல் போனால் யாரிடமும் கேட்க முடியாது, பாதியில் நிற்கும் பாட்டு உங்களுடையது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. அசல் என்று சொல்லி விற்றால், பதிப்பின் பெயரையும் உரிமம் உங்கள் மின்னஞ்சலில் பதியப்படும் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். நேரே தயாரிப்பாளரின் தளத்தில் வாங்குவதே நல்லது. அதற்கு உங்கள் அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா, டொலரை எந்த விலையில் கணக்கிடுவார்கள் என்று வங்கியிடம் முதலே கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் எஃப்எல்லில் செய்த பாட்டை மிக்ஸ் செய்யக் கொடுக்கப்போகும் ஸ்டூடியோவில் இருப்பது ப்ரோ டூல்ஸ். நானும் அதையே வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், எல்லாம் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி ஏற்றுமதி செய்யுங்கள். குரல் மூன்றாவது நிமிடத்தில்தான் வந்தாலும் அதன் கோப்பு பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும், அப்போதுதான் அங்கே எல்லாம் தானாகப் பொருந்தும். மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடத்தில்) உள்ள லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை அடக்கும் எஃபெக்டை) முதலில் எடுத்துவிடுங்கள். சாம்பிள் ரேட் 44.1 கிலோஹேர்ட்ஸா 48ஆ என்று ஸ்டூடியோவிடம் வேலை தொடங்கும்போதே கேட்டு அதிலேயே பதியுங்கள். பிபிஎம்மையும் சுருதியையும் ஃபோல்டரின் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள்.