மாசு கட்டுப்பாட்டு இசைவாணை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஈரோடு பக்கம் சாயப்பட்டறை தொடங்க நிலம் பார்த்திருக்கிறேன். கட்டடத்தை முடித்துவிட்டு இசைவாணைக்கு விண்ணப்பிக்கலாமா, ஐயா?

பதில்: கூடாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும், நிறுவுவதற்கான இசைவாணையை, அதாவது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியை, அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே கோருகின்றன. இயக்குவதற்கான இசைவாணை அதன் பிறகு தனியாகப் பெற வேண்டியது. உங்களைப் பொறுத்தவரை அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. அதிக மாசு ஏற்படுத்தும் தொழில்களை நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அமைக்கக் கூடாது என்று 1989-இல் தமிழக அரசு ஆணையிட்டது; காவிரி, அதன் துணையாறுகள், பாலாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளுக்கு அந்தத் தூரம் 1998-இல் ஐந்து கிலோமீட்டர் ஆக்கப்பட்டது. காவிரியும் பவானியும் நொய்யலும் ஓடும் மாவட்டத்தில் இதற்குத் தப்பும் நிலம் குறைவு. சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை கோடி செலவழித்தாலும் ஆற்றுக்கும் உங்கள் நிலத்துக்கும் உள்ள தூரம் மாறாது என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் புல எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விண்ணப்பித்து நான்கு மாதம் கடந்தும் வாரியம் பதில் தரவில்லை. இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று ஆலோசகர் சொல்கிறார். சரிதானா?

பதில்: பாதிதான் சரி. முழுமையான விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதத்துக்குள் வாரியம் இசைவு வழங்கவோ மறுக்கவோ இல்லையென்றால் இசைவு வழங்கியதாகக் கருதப்படும் என்று நீர்ச் சட்டம் சொல்கிறது. காற்றுச் சட்டமோ நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்குமாறு வாரியத்தைப் பணிப்பதோடு நிற்கிறது. தவறினால் இசைவு தானாகக் கிடைத்துவிடும் என்று அதில் இல்லை. உங்களிடம் கொதிகலனும் புகைபோக்கியும் இருந்தால் இந்த வேறுபாடு உங்களை நேரடியாகப் பாதிக்கும். இடையில் வாரியம் விளக்கமோ கூடுதல் ஆவணமோ கேட்டிருந்தால், விண்ணப்பம் முழுமையானதா என்ற தகராறும் எழும். இயந்திரத்தை ஓட்டிவிட்டுப் பிறகு வாதாடுவதைவிட எழுத்தில் நினைவூட்டுவதே நல்லது. நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: நிக்கல் முலாம் பூசும் பட்டறை நடத்துகிறோம். சுத்திகரிப்புத் தொட்டிக் கசடு மூட்டைகளில் சேர்ந்துகொண்டே போகிறது. காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் கசடு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதற்கு இசைவாணையைத் தவிர வாரியத்தின் தனி அங்கீகாரமும் வேண்டும். பொதுவாகத் தொண்ணூறு நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. மழை படாத கூரையும் கசிவு இறங்காத தளமும் கொண்ட அறையில், பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டி அடுக்குங்கள். அனுப்பும்போது கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற, வாரிய அங்கீகாரம் பெற்ற பொது அகற்று மையத்துக்கு, ஏழு நிறப் படிகள் கொண்ட அனுப்புகைச் சீட்டுடன் அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்டவரிடமிருந்து நீல நிறப் படி உங்களிடம் திரும்பி வந்து சேரும்வரை அந்தச் சரக்கின் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள்; மூட்டை நடுவழியில் ஏதோ ஓடையோரம் கொட்டப்பட்டால் உங்கள் தரப்பைக் காப்பது அந்தத் தாள்தான். ஆண்டுக் கணக்கை அடுத்த ஜூன் 30-க்குள் நான்காம் படிவத்தில் தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்து ஆலை வந்த பிறகு எங்கள் கிணற்று நீர் உப்பாகிவிட்டது. அவர்களுக்கு என்ன நிபந்தனை விதித்திருக்கிறார்கள் என்று ஒரு விவசாயி தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, அதைப் பலரும் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமே. விதித்த நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட எவரும் அதைப் பார்க்கலாம் என்றும் நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே கூறுகிறது. எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், எங்கே விடலாம், கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். கழிவுநீரை வெளியேற்றவே கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அந்த ஒரு வரியே உங்கள் புகாருக்கு முதுகெலும்பு. நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையும் வயல்களும் கெட்ட வழக்கை நினைத்துப் பாருங்கள்: விவசாயிகள் விடாமல் நடத்திய அந்த வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நீங்கள் கிணற்று நீரை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் தேதியுடன் சோதித்து வையுங்கள். வாரியம் அசையாவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பொது மனுவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு என்பது கெடு.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆலையை விலைக்கு வாங்கினேன். பழைய இசைவாணை எனக்குச் செல்லுமா?

பதில்: ஆலை கைமாறினால் இசைவும் வாங்கியவருக்கே வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது காற்றுச் சட்டம், கூடவே, அதன் எல்லா நிபந்தனைகளும் அவரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொல்கிறது. பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பித்துவிட்டு, இசைவாணையில் எழுதியுள்ள உற்பத்தி அளவையும் நீங்கள் ஓட்டப்போகும் அளவையும் ஒப்பிடுங்கள். கூடினால் புதிய இசைவு வேண்டும்.